ஒரே லைன் உள்ள வீடு

மோடம் கூவத் தொடங்கியதும் அவர் தலையைச் சாய்த்து, போன் லைன் வழியாக நெட்டை இணைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியிடம் காதைக் கொண்டுபோகிறார். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கரகரப்பு, பிறகு நீளமாக ஓர் இரைச்சல், கடைசியில் அமைதி. "இன்னிக்கு நல்ல மூடுல இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். சத்தம் கொஞ்சம் பிசகினாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆகிவிட்டால் அன்று முழுக்க வீட்டில் யாரும் அவருக்குப் பேச்சுக் கொடுப்பதில்லை.

தெருவில் அவருக்கு டிராஃப்ட்ஸ்மேன் என்றுதான் பெயர். தொழிற்சாலைகளில் குழாய்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று படம் வரைவது தொழில். கம்பெனி ஆள்குறைப்பு செய்தபோது வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். முன்னறையில் ஒரு மேசை, அதன்மேல் பழுப்பேறிய கம்ப்யூட்டர், பக்கத்தில் போன். எங்கோ இருக்கும் ஆலையில் எந்த வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மாசக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால், "அதுக்கு என்ன கேடு? ஓடுதுல்ல?" என்பார். உண்மை என்னவென்றால், அவர் படம் வரையும் மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். வேறு வாங்கக் கையிலும் வசதியில்லை. இந்த இரண்டையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

வரைந்த படம் போன் வழியாகத்தான் கம்பெனிக்குப் போகிறது. பெரிய படம் என்றால் மதியம் முழுக்கப் போகும். அதுவரை போனின் மேல் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார், யாரும் மறந்துபோய் ரிசீவரை எடுத்துவிடக் கூடாதென்று. மாடியில் குடியிருக்கும் எனக்குப் போன் கிடையாது. என்னைத் தேடுபவர்களும் இந்த ஒற்றை லைனைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால் இந்த வீட்டுச் சண்டையில் நான் நடுநிலை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் அவர் மனைவி, அதாவது அண்ணி, கட்சி.

சண்டை இதுதான். அவர்கள் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். போன துறைமுகத்திலிருந்து அவன் கூப்பிட்டபோதெல்லாம் லைன் எங்கேஜ்டு. படம் போய்க்கொண்டிருந்தது. அவன் விட்டுவிட்டான், கப்பலும் கிளம்பிவிட்டது. அப்புறம் கப்பல் கம்பெனியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: கையில் சிறு காயம், வீட்டு லைன் கிடைக்கவில்லை, கவலை வேண்டாம், அடுத்த துறைமுகத்திலிருந்து அவரே பேசுவார்.

அன்றோடு அண்ணி கணவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் என் வழியாகத்தான். "சின்னக் காயம்னா எதுக்குக் கம்பெனி எழுதுது? கேளு அவர." அவர் எதிரேதான் உட்கார்ந்திருப்பார். இருந்தும் கேட்பேன். "எனக்கென்ன தெரியும்னு சொல்லு" என்பார். போய்ச் சொல்ல ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்.

இந்த வாரம் கப்பல் கரை சேருகிறது. இதே வாரம் பெரிய படம் ஒன்றும் போயாக வேண்டும். "தள்ளிப் போட முடியாதாண்ணே?" என்று கேட்டேன். "ஏற்கெனவே ஒரு தடவை லேட்டாச்சு தங்கச்சி. இன்னொரு தடவ ஆனா வேற ஆளப் பாத்துக்குவாங்க." நெட் சென்டருக்குக் கொண்டுபோகலாம் என்றால் படம் ஃபிளாப்பியில் அடங்காது.

அப்போதுதான் மோடம் செய்த கம்பெனியின் வலைப்பக்கத்தில் அவர் அதைக் கண்டுபிடித்தார். இணைப்பில் இருக்கும்போதே யாராவது போன் செய்தால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து சொல்லுமாம். சரி என்று அமுக்கினால் போன் அடிக்கும். இணைப்பு அறுந்து போகாமல் ஓரமாக நிற்கும். பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். புது மோடங்களில் வரும் வசதி. பழைய மோடத்துக்குள்ளும் அதை எழுதி ஏற்றலாம் என்று போட்டிருந்தது. "எதையும் வாங்க வேண்டாம் பாத்தியா? உள்ள இருக்கறத மாத்தினாப் போதும்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. ஏற்றும்போது கரண்ட் போனால் மோடம் அவ்வளவுதான், பிறகு எதற்கும் உதவாது என்றும் கீழே இருந்தது. அதை அவர் படித்துக் காட்டவில்லை. நான்தான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

நேற்றுக் காலை ஏற்றினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், மிக்ஸியை யாரும் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லியனுப்பினார். அண்ணி மிக்ஸியின் பிளக்கையே பிடுங்கிவிட்டு வந்து கதவோரம் நின்றார். திரையில் நீலப் பட்டை மெல்ல நகர்ந்து முக்கால்வாசியில் நின்றது. மோடத்தின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அவர் எதையும் தொடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"போயிருச்சா?" என்றார் அண்ணி, என்னைப் பார்த்து.

மோடம் செத்தால் படமும் போகாது, பிழைப்பும் போகும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு விளக்கு சிமிட்டியது, பிறகு இன்னொன்று. பட்டை மிச்சத் தூரத்தையும் கடந்தது. அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

சின்னப் பெட்டியைக் காட்ட வேண்டிய புரோகிராம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே எவரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்ததைத் தேடிப் பிடித்துப் போட்டார். சோதித்துப் பார்க்க என்னைத் தெருமுனை போன் பூத்துக்கு அனுப்பினார். கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடி கூப்பிட்டேன். அதே சத்தம். திரும்பி வந்து சொன்னேன்.

"நம்பரச் சரியாப் போட்டியா?"

"இந்த நம்பரத்தாண்ணே ஊரெல்லாம் என் நம்பர்னு குடுத்து வச்சிருக்கேன்" என்றேன். எனக்கும் எரிச்சல் வந்துவிட்டது.

அவர் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அமைப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர், மோடம் கூப்பிட வேண்டிய எண் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டார். எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு மூன்று இலக்கங்களும் இருந்தன.

"இது என்னண்ணே?"

"இதப் போட்டா, நெட்டுல இருக்கற வரைக்கும் வெளியிலேர்ந்து எந்தக் காலும் உள்ள வராது. நடுவுல யாராவது கூப்பிட்டா படம் பாதில கட்டாகுதுன்னு, ரொம்ப நாளைக்கு முன்னாடி நான்தான் போட்டேன். அதோட மறந்துட்டேன்."

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை என் வழியாகப் பேசவில்லை. "அவன் கூப்பிட்டப்பவும் இதுதான் இருந்துச்சு. நான்தான் அடைச்சு வச்சிருந்திருக்கேன்."

அண்ணி உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் குறியை அழித்துவிட்டுப் படத்தை அனுப்பத் தொடங்கினார். ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும், மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மறுபடி பூத்துக்குப் போகவா என்று கேட்டேன். "வேணாம், போறதக் கெடுக்க வேணாம்" என்றார். ஆகவே அந்தப் புது வசதி வேலை செய்யுமா செய்யாதா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் அவர் சொன்னார். இணைப்பை ஓரமாக நிறுத்திவைக்க நெட் கம்பெனி மூன்று நிமிடம்தான் தரும். அதற்குமேல் பேசினால் அறுந்துவிடும், படத்தை முதலிலிருந்து அனுப்ப வேண்டும், ஐந்து மணிக்குள் முடியாது. "அண்ணிகிட்ட சொல்லிரு" என்றார். சொன்னேன். "மூணு நிமிஷம் போதும்னு சொல்லு" என்றார் அண்ணி.

படம் பாதிக்குமேல் போயிருந்தபோது மூலையில் பெட்டி வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் மவுஸைக் கை நகர்த்திக் கொஞ்சம் கழித்துத்தான் எப்போதுமே அம்புக்குறி நகரும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அந்தப் பெட்டிவரை இழுத்துவந்து அமுக்கினார். கவிழ்த்த அட்டைக்குள்ளிருந்து போன் அடித்தது. அவர் அட்டையைத் தட்டிவிட்டு, ரிசீவரை எடுத்து, தன் காதில் வைக்காமல் அப்படியே நீட்டினார். அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து வாங்கினார்.

"டேய்... ம், நல்லாருக்கோம். நீ எப்படி இருக்க? கை எப்படி இருக்கு? சரி. சரி சரி." அண்ணியின் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. மகன் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். "என்னது, விரலா? சரிடா, அதெல்லாம் அப்புறம் சொல்லு, அப்பாவோட படம் போயிட்டிருக்கு." இத்தனை நாள் இந்தக் குரலுக்காகத் தூக்கம் கெட்டவர், தந்தி படிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு. வச்சிரட்டுமா?"

அண்ணன் எழுந்து, கையை நீட்டி, மானிட்டரை அணைத்தார்.

திரை இருண்டது. அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

"அவசரமில்லடா, சொல்லு. எந்த விரலு?"