எதிரி என்றொரு கட்டம்

எங்கள் வீட்டுக் கன்னியை ஒரு வீடியோ கேமில் சேர்த்துவிட வேண்டும் என்று பதினோரு வயதில் எனக்கு ஆசை வந்தது. நல்ல ஆசைதான், பக்தியில் வந்ததுதான். ஆனாலும் அதை நினைத்து நான் தலையில் அடித்துக்கொள்ளாத வருடம் இல்லை.

இலஞ்சியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பெரியப்பா வீட்டு வைஃபை எங்கள் அடுக்களை வரைக்கும் எட்டும். பெரியப்பாவுக்கு ஒரே மகள். தென்காசிக்குப் பஸ்ஸில் போய்க் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் அவள்தான் எனக்கு அக்கா. சண்டை போட, தலை பின்னிவிட, வீட்டுப்பாடம் செய்து தர எல்லாவற்றுக்கும் அவள்தான்.

துபாயில் வேலை பார்த்த என் மாமா ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு டேப் வாங்கி வந்தார். அதில்தான் அந்த விளையாட்டு. கோட்டை கட்ட வேண்டும், நெல்லும் இரும்பும் சேர்க்க வேண்டும், பிறகு புராணத்திலிருந்து இறங்கி வந்தவர்களைப் போலிருக்கும் ஹீரோக்களில் யாரை எந்த வாசலில் நிறுத்துவது என்று யோசித்து நிறுத்த வேண்டும். ஆளை மாற்றி நிறுத்தினால் கோட்டை போய்விடும். ஒவ்வொரு ஹீரோவையும் தொட்டால் அவருடைய முன்கதை விரியும். எனக்குச் சண்டையைவிட முன்கதைகள்தான் பிடிக்கும். யாரும் சும்மா ஹீரோ ஆகியிருக்கவில்லை. சாபத்தில் பாம்பானவன், சொந்தத் தம்பி கையால் வெட்டுப்பட்ட கதாயுதக்காரன், பெற்ற தகப்பனே கோட்டைச் சுவருக்குள் நிற்கவைத்துக் கல் அடுக்கி மூடிவிட்ட ராணி. செத்த பிறகுதான் எல்லோருக்கும் சக்தி வந்திருந்தது. சுவருக்குள் போன ராணி அக்காவுக்குப் பிடித்தவள். அவளைத் தலைவாசலில் நிறுத்திவிட்டால் எந்தப் படையும் உள்ளே வர முடியாது. அந்தக் கதைகளையெல்லாம் நான் சோறு தின்றுகொண்டே படிப்பேன். பயமே இருக்காது.

நானும் அக்காவும் ஒரே பெயரில் விளையாடினோம். அந்த வருடம் கோடை விடுமுறையில் அக்காவின் போனைப் பெரியப்பா வாங்கி வைத்துக்கொண்டார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். ஒரு போனை இரண்டு மாதமாகவா ரிப்பேர் பார்ப்பார்கள் என்று நான் அந்தக் கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அக்கா தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, "கோட்டைய நான் பாத்துக்கிடுதேன், நீ போய்ப் படி" என்று டேப்பை வாங்கிக்கொள்வாள்.

விளையாட்டில் பலர் சேர்ந்து ஒரு கிளான் வைத்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் வரைக்கும் சேரலாம். எங்கள் கிளானில் எங்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். வேறு யார் கேட்டாலும் அக்கா சேர்க்கமாட்டாள். அந்த ஆளின் பெயர் மலைவேடன். செங்கோட்டைக்காரன். கேட்காமலே இரும்பு அனுப்புவான், அதனால் எனக்கு அவன்மேல் நிறைய மரியாதை. கிளானுக்குள் எழுதிப் பேசிக்கொள்ளும் இடத்தில் அவனும் அக்காவும் எழுதியது நீளமாகக் கிடக்கும். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா, நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருகிறேன், பரீட்சை முடியட்டும் வீட்டில் சொல்லிவிடலாம் என்று இப்படியே போகும். சண்டையைப் பற்றி ஒன்றுமே இல்லாததால் நான் அதைப் படிக்கமாட்டேன்.

கன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. கோயிலோ சிலையோ கிடையாது. ஓர் ஓலைப்பெட்டிக்குள் பட்டுப்பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா இருக்கும், அவ்வளவுதான். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் புதுப் பாவாடை வைத்து, பழையதை வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்குக் கட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் முதலில் அக்கா கட்டினாள், அவள் வளர்ந்தபின் நான். தெய்வத்தின் துணியை உடுத்திக்கொண்டு நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஆடியில்தான் விளையாட்டில் ஒரு போட்டி அறிவித்தார்கள். நாமே ஒரு ஹீரோவை உண்டாக்கி முன்கதையோடு அனுப்பலாம், ஜெயித்தால் அந்த ஹீரோ விளையாட்டுக்குள் வந்துவிடும். பெயர், சக்தி, ஆயுதம், பலவீனம், எதிரி என்று ஐந்து கட்டங்கள். நிரப்பிய கட்டம் பச்சையாகும். ஐந்தும் பச்சையானால்தான் அனுப்ப முடியும். நான் கன்னி என்று பெயர் போட்டேன். சக்தி, நினைத்த வரம் தருவது. ஆயுதம், கண்ணாடி வளையலை வீசுவது. பலவீனம், ரிப்பன் அவிழ்ந்தால் சக்தி போய்விடும். எதிரி மட்டும் கிடைக்கவில்லை. அதை இஷ்டத்துக்கு எழுதினால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமே.

பூசைக் கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அந்தக் காலத்தில் எந்த ராஜா கன்னியைக் கொன்றான் என்று கேட்டேன்.

"எந்த ராசா? உங்க அப்பாகூடப் பொறந்தவட்டி அவ. உனக்கு அத்தை. பத்தொம்பது வயசுல ஆத்துல வழுக்கி விழுந்துட்டா. போதுமா? பெரியப்பாட்ட போய் இதெல்லாம் கேட்டுட்டு நிக்காத."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆயிரம் வருடத்துத் தெய்வம் என்று நினைத்தவள் அப்பாவின் தங்கையாம். அப்படியானால் எதிரி யார் என்று பெரியப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நேரே அவரிடமே போனேன்.

பெரியப்பாவுக்கு என்மேல் உயிர். குற்றாலத்துக்குப் போனால் எனக்கென்று தனியாக ஒரு பை மங்குஸ்தான் பழம் வாங்காமல் திரும்பமாட்டார். அப்போது கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டேப்பை நீட்டி, "பெரியப்பா, கன்னிக்கு எதிரி யாரு?" என்றேன். துடைத்த கை நின்றது. கட்டத்தைக் காட்டி விளக்கமும் சொன்னேன்.

"அவளுக்கு எதிரி தண்ணிதான்," என்றார். "அப்பிடியே எழுதிக்கோ."

எழுதினேன். கட்டம் பச்சையானது. மறுநாள் வெள்ளிக்கிழமை பூசையும் நல்லபடியாக நடந்தது. கதையை இங்கிலீஷில் மாற்றித்தர அக்காவால்தான் முடியும் என்பதால் உடனே அனுப்பவில்லை. அதற்குள் பெருமை தாங்காமல் சனிக்கிழமை காலையில் ஐந்து கட்டத்தையும், கன்னி எங்கள் அத்தைதான் என்பதையும் கிளானில் எழுதிப் போட்டேன். அக்கா காலேஜுக்குப் போயிருந்தாள். சற்று நேரத்தில் மலைவேடன் பதில் எழுதினான்.

"பாப்பா, தண்ணி சும்மா யாரையும் கொல்லாது. உங்க அத்தைய அங்க கூட்டிட்டுப் போனது யாருன்னு வீட்டுல கேளு. ஊருக்கே தெரியும்."

அவனுக்கும் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான் இருந்திருக்கும். பயமும் கோபமும் சேர்ந்து யாரிடம் எழுதுகிறோம் என்று பார்க்காமல் எழுதிவிட்டான். எனக்கோ வேறு கவலை. விடை தப்பாகிவிட்டால் போட்டி போய்விடுமே. டேப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.

"பெரியப்பா, இவரு வேற மாதிரி சொல்லுதாரு."

பெரியப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு விரலை வைத்து மேலே தள்ளினார். இன்னும் மேலே. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். அவ்வளவு எழுத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

"யாருட்டி இவன்?"

"எங்க கிளான்ல உள்ள அண்ணன். செங்கோட்டை."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காதான் சேத்துவிட்டா," என்றேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. டேப்பை என்னிடம் கொடுத்து, "நல்லா வெளையாடு" என்று தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். திரும்பி வந்த அப்பா சாப்பிடவில்லை. என்னவென்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தோப்பு விஷயம்" என்றார்.

மூன்று நாள் பெரியப்பா அக்காவிடம் பேசவில்லை. அவளைக் காலேஜுக்கும் அனுப்பவில்லை, டேப்புக்காக எங்கள் வீட்டுக்கு வரவும் விடவில்லை. நான் டேப்பைக் காட்டியதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பச்சைக் கட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனே தவிர அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவள் அழுது அழுது கண் வீங்கியிருந்ததைப் பார்த்து, கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலை, அக்கா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு துண்டும் மாற்றுத் துணியும் எடுத்து எங்கள் வீட்டு வழியாக ஓடி வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அப்பா பேசிட்டாங்கட்டி! அருவியில குளிச்சிட்டு, அப்பிடியே பண்பொழி மலைக்குப் போயி முருகனக் கும்பிட்டுட்டு, அங்கன வச்சு எல்லாம் பேசிக்கிடலாம்னு சொல்லுதாங்க."

"நானும் வாரேன்," என்று செருப்பை மாட்டினேன்.

பெரியப்பா காருக்குள்ளிருந்து, "உனக்குச் சளி பிடிச்சிருக்கு. உனக்கு மங்குஸ்தான் வாங்கிட்டு வாரேன்" என்றார். எனக்குச் சளியே இல்லை. அப்பா முன்சீட்டில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீசனில் அருவிக்குப் போகிறவர்கள் என்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா கண்ணாடியை இறக்கி, "சாயங்காலம் வந்து இங்கிலீஷ்ல எழுதித் தாரேன், அழாத" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய அருவியில் கூட்டமாம், அதனால் மேலே ஆள் இல்லாத ஓடைக்குப் போனார்களாம், பாறையில் பாசியாம். வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா "வழுக்கி விழுந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அத்தையைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. அதைக் கேட்டதும் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள், என்னையும் யாரோ கொண்டுபோய்விடுவார்கள் என்பதுபோல. போலீஸ் வந்தது, எழுதியது, போனது. மழைக்காலத்தில் பாறை வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நேரில் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர்தான், ஒருவர் அவளைப் பெற்றவர், ஒருவர் என்னைப் பெற்றவர்.

மறுநாள் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எனக்குப் பசித்தது. காரின் பின்சீட்டில் மங்குஸ்தான் பை இருந்தது. போகும்போதே வாங்கியிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அத்தனையையும் உரித்துத் தின்றேன். நன்றாக இனித்தது.

மலைவேடன் இரண்டு வாரம் வரைக்கும் இரும்பு அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒன்றும் எழுதவில்லை, இரும்பு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. போட்டிக்கான நாளும் கடந்துவிட்டது.

அடுத்த ஆடியில் ஓலைப்பெட்டியை இறக்கினார்கள். அத்தைக்குப் பச்சைப் பாவாடை வந்திருந்தது. அதற்குமேல் பெரியம்மா ஒரு சுடிதார் செட்டை மடித்து வைத்தாள். மஞ்சள் நிறம், துப்பட்டாவோடு. தெய்வத்துக்குச் சுடிதார் வைக்கிற வழக்கம் இல்லை என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். "எம்மவளுக்குப் பாவாடை பிடிக்காது," என்றாள் பெரியம்மா. ஒரு வருடத்தில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான். பெரியப்பா சூடம் காட்டினார், கை நடுங்கவில்லை. எனக்குத் திருநீறு பூசிவிட்டார். அடுத்த வருடம் அந்தச் சுடிதார் எனக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

அப்பாவிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன், போனில் சாப்பிட்டாயா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்பேன். அன்றிலிருந்து அவர் அருவிப் பக்கம் போனதில்லை என்று அம்மா சொல்வாள். அதை எதற்குச் சொல்கிறாள் என்று தெரியும், ஆனாலும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. என்னையே இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஆடியில் பூசை முடிந்த அன்று சாயங்காலம் போட்டியை மறுபடியும் அறிவித்திருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. இந்த முறை அக்காவை ஹீரோ ஆக்குவது என்று முடிவு செய்தேன். ஜெயித்துவிட்டால் தினமும் அவளைப் பார்க்கலாம், சுவருக்குள் போன ராணிக்குப் பக்கத்திலேயே தலைவாசலில் நிறுத்தலாம். இங்கிலீஷில் மாற்றித்தர ஆள் இல்லாததால் தெரிந்த மட்டும் நானே எழுதினேன். பெயர் போட்டேன். சக்தி, ஆயுதம், பலவீனம் எல்லாம் போட்டேன். கடைசிக் கட்டம் வந்தது. இந்த முறை யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு, 'தண்ணீர்' என்று அடித்தேன். கட்டம் பச்சையானது.