படகுத்துறையில் ஒரு ஐஸ் ஏரி

கார்த்திகை வெள்ளிக்கிழமை. கத்தாரில், ராஸ் லஃபான் வேலைத்தளத்திலிருந்து தோஹா போகும் வழியில் எங்கள் பிக்கப் ஒரு படகுத்துறையில் நிற்கிறது. எங்கள் கனடா சூப்பர்வைசர் துறைப் பலகைகளின் இடைவெளிமேல் பெரிய ஐஸ் பாளத்தை வைத்து, வேலைத்தள டிரில்லால் ஓட்டை போடுகிறார்.

"அவரு ஊர்ல இப்ப ஏரியே உறைஞ்சிருமாம். இப்படித்தான் மீன் பிடிப்பாங்களாம். இந்த வருசமும் லீவு கெடைக்கல, பாவம்," என்கிறார் டிரைவர் காசிம் பாய்.

ஓட்டை வழியாகத் தூண்டில் கடலுக்குள் இறங்குகிறது. வெயிலில் ஐஸ் உருகி ஓடுகிறது.

"ஐஸ் கரையறதுக்குள்ள மீன் சிக்கணுமாம். மாலை போட்ட சாமி நீங்க, சட்டுனு வேண்டிக்குங்க!"

"விரதத்துல ஒரு உசுரு போகணும்னு வேண்டலாமா பாய்?"

ஆனாலும் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஐயப்பா, ஒரே ஒரு மீன் என்று கண்ணை மூடுகிறேன்.

தூண்டில் துள்ளுகிறது. விரல் நீளத்தில் ஒரு மீன்! சூப்பர்வைசர் குதிக்கிறார். உடனே டேப்பை எடுத்து அளந்து, உதட்டைப் பிதுக்குகிறார்.

"அவரு ஊர்ச் சட்டப்படி இது சின்னதாம் சாமி. விட்டுறணுமாம்."

அதே ஓட்டை வழியாக மீன் கடலுக்குத் திரும்புகிறது.

ஐயப்பன் அளவு பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.