அரசப்பன் கையிலிருந்த டைவ் வாட்ச்

என் வீட்டுக்காரர் அரசப்பனுக்கு இடது கால் இழுக்கும். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, மீன் பிடித்து, பிறகு புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத்தரும் இடத்துக்குச் சிலிண்டர் தூக்கப் போனவர், தானே முங்கக் கற்றுக்கொண்டார். அங்கே கொடுத்த பழைய டைவ் கம்ப்யூட்டர்தான் வாழ்க்கையில் அவர் கட்டிய ஒரே வாட்ச். எனக்குத் தாலி எப்படியோ அவருக்கு அது. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் எத்தனை ஆழம் போனோம், திரும்பும்போது எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் காட்டும். நிற்காமல் விருட்டென்று மேலே வந்தால், குலுக்கிய சோடாவைத் திறந்ததுபோல ரத்தத்தில் குமிழி கிளம்பிவிடும். ஆள் முடமாவான், இல்லாவிட்டால் சாவான். அதனால் அவர் முங்கும்போது அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில்தான் இருக்கும். வேறு எவனையும் நான் நம்பியதில்லை. கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால்தான் தூக்குவேன்.

பெருமுக்கல் பக்கத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் பாழுங்கிணறாய் நிற்கும். அனந்தபுரத்து விவசாயி தாண்டவராயனின் மகன் தமிழ்மணி அதில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். உடலை எடுத்துத் தரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், போனோம். கரை முழுக்க அவர்கள் ஜனம்.

அவர் இறங்கியதும், "பொம்பள கையில கயிறா?" என்று ஒருவன் பிடுங்கினான். நான் விடவில்லை. கழுத்தைப் பிடித்து நெட்டித் தள்ளினான். பாறையில் விழுந்து என் முழங்கை கிழிந்தது, கயிறும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

கீழே அவர் பையனைக் கண்டுபிடித்து, அணைத்துக்கொண்டு ஏறினார். பாதியில் வாட்ச் நிற்கச் சொன்னது, நின்றார். மேலேயிருந்து பார்த்தால் பையனின் சிவப்புச் சட்டை தெரிகிறது, தூக்கி வருபவரோ அசையவில்லை.

"அவரு நிக்கணும்! இழுக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எவன் கேட்டான்? பொழுது சாய்வதற்குள் பிள்ளை வீடு சேரவேண்டும் என்ற பதைப்பு அவர்களுக்கு. கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குவதுபோல எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் இடுப்புக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். அந்த இழுபறியில் பையன் கைநழுவி மறுபடி அடிக்குப் போய்விட்டான்.

வாட்ச் சொன்ன நேரம் முழுக்க நின்று, வெறுங்கையோடு கரையேறினார். தாண்டவராயன் அறுந்த கயிற்றாலேயே அவர் வாயில் விளாசினார்.

"எம்புள்ளைய உட்டுட்டு எதுக்குடா வந்த? வாட்ச பாத்துகினு நின்னியாடா?"

மற்றவர்கள் மிதித்தார்கள். ஒரு பல் தெறித்து விழுந்தது. தாண்டவராயன் வாட்ச் கட்டிய கையைப் பாறைமேல் அழுத்திவைத்து, கருங்கல்லால் ஒரே போடு போட்டார். வாட்ச் சிதறியது, மணிக்கட்டும் நசுங்கியது.

நான் அவரைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். "வா, போலாம். இவனுங்க ஊட்டுப் பொணத்த இவனுங்களே எடுத்துக்கட்டும்."

அவர் ரத்தத்தைத் துப்பினார். "கையில இருந்துச்சு அம்பிகா. நான்தான் உட்டுட்டேன்" என்று சொல்லி, இன்னொரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார். இந்தத் தடவை கயிற்றை எவனும் பிடுங்கவில்லை.

பையனை எடுத்துவந்துவிட்டார். வழியில் குத்துமதிப்பாக நின்றிருக்கிறார். சொல்லத்தான் வாட்ச் இல்லையே. வீடு சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடையாய்க் கிடந்தும் ஒரு கால்தான் சரியானது.

தை பிறந்ததும் தாண்டவராயன் ஒரு மூட்டை மல்லாட்டை, அதான் வேர்க்கடலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து நீட்டினார்.

"எம்புள்ள கையில இருந்தது. அவ்ளோ தண்ணில கெடந்தும் ஓடிக்கினுதான் இருக்குது. நான் ஒடச்சதுக்கு இத வச்சிக்கோ."

மணி மட்டும் காட்டுகிற வாட்ச். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நான் ஒடச்ச அந்த வாட்சு இருந்திருந்தா உன் காலு இப்படி ஆயிருக்காதா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல பெரியவரே" என்றார் இந்தத் தர்மப் பிரபு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்! உன்னாலதான்யா! நீ ஒடச்சது வாட்ச இல்ல, இந்தக் கால!"

தாண்டவராயன் கல்லைத் தூக்கிய அந்த வலது கையை எங்கள் வாசல் நிலையில் ஓங்கி ஓங்கி அடித்தார். எலும்பு முறிவது எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தக் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டவள் நான்தான். போடும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.