அம்மாவின் பெயரை வெட்டிய மாதம்

1. பங்குனியில் ஒரு நாள், தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா மூச்சு முட்டி மலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.
2. அந்த வாரமே நான் என் கேள்விகளை எழுதி, விடைகளையும் எழுதினேன்.
3. மாதக் கடைசியில் தோட்டத்துப் பதிவிலிருந்து அம்மாவின் பெயரை வெட்டச் சொன்னேன். அம்மா கைநாட்டு வைத்தார்.
4. ஆனியில், திரும்பிப் போக வேண்டும் என்றார்.
5. போக இடமில்லை.

நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி; தோட்டத்தில் 'மிஸி' என்பார்கள். அம்மா றொசல்லைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் தனியாக இருந்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் காம்பிராவில் தோட்டத்துப் பதிவில் பெயர் இருந்தது அவருக்கு மட்டும்தான்.

வலி கண்ட பெண்ணை லயத்திலேயே வைத்துப் பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்குமுன் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கப் பயிற்சியில் பழக்கியிருந்தார்கள். அதை என் சொந்தக் காரியங்களுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஒரு கொப்பியில் நான்கு கேள்விகள். ஒன்றும் செய்யாமலிருந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்தது எது, பயத்தில் நினைப்பது எது? பாரம் யார் தலையில்? தவறிப்போனால் திருப்ப முடியுமா? இந்தக் கொப்பியை வைத்துத்தான் இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றேன். இன்றுவரை வருந்தியதில்லை.

செய்தி வந்ததும் றொசல்லைக்குப் போனேன். அம்மாவின் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"எப்பலேருந்தும்மா மூச்சு வாங்குது? படுத்தா கூடுதா, நடந்தா கூடுதா?"

"என்னடி இது, புள்ளத்தாச்சிய கேக்குற மாதிரி கேக்குற!"

பக்கத்துக் காம்பிரா அக்கா வாசலில் நின்று சிரித்தார். "கேக்கட்டும் மதினி. இனி நீங்க மிஸி வீட்டு மகாராணி. எங்கள யாருன்னு கேட்டாலும் கேப்பீங்க."

"போடி இவளே, ஒன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்" என்றார் அம்மா.

அன்று மாலை விடைகளை எழுதினேன். சும்மா இருந்தால் இதயம் தாங்காது. இது பயமல்ல, கண்ணால் பார்த்தது. பாரம் என்மேல், தாங்குவேன். கடைசிக் கேள்விக்கு நேரே இப்படி எழுதினேன்: "முடியும். பிடிக்காவிட்டால் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன."

பெயரை வெட்டியதும் அம்மாவை என் குவாட்டர்ஸுக்குக் கூட்டிவந்தேன். கந்தப்பளையில் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். விடிகாலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, போக இடமில்லாமல் படியில் உட்காருவார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் "மிஸியோட அம்மா" என்று மரியாதையாக விலகிப் போவார்கள். ஒருத்திகூட அவரைக் கேலி செய்யவில்லை.

மூன்றாவது மாதம் அம்மா சொன்னார்: "வேலைக்கு வேணாம் தாயி. சும்மா லயத்துல இருந்துக்கிறேன். அவளுக நாலு வார்த்த திட்டுனா போதும்."

அடுத்த ஞாயிறு றொசல்லைக்குப் போய், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பார்த்தேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"பேரு வெட்டுனா காம்பிரா ஏது, மிஸி? வேற குடும்பம் வந்து ரெண்டு மாசமாச்சு. லயத்துல பொறந்தவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பெயர் இருக்கிறவருக்கே காம்பிரா என்பது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான்கு வருஷம் குவாட்டர்ஸைப் பூட்டிவிட்டுப் போய்வந்ததில், வீடு என்றால் போனபின்னும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கப் பழகியிருந்தேன். கடைசிக் கேள்விக்கு விடை எழுதியபோது, திரும்பிப் போக வழி உண்டா என்றுதான் பார்த்தேன்; இடம் உண்டா என்று பார்க்கவில்லை.

வந்து சொன்னபோது அம்மா திடுக்கிடவில்லை.

"தெரியுமாம்மா?"

"கைநாட்டு வைக்கயிலேயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்ச புள்ள. எல்லாத்தையும் எழுதி எழுதிப் பாத்த. இதையும் யோசிச்சுத்தான் செய்யிறன்னு நெனச்சேன்."

நான்கு கேள்விகளையும் என்னிடமே கேட்டிருந்தேன். அவரிடம் கேட்டதெல்லாம் மூச்சைப் பற்றி.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மூச்சு சீராக இருக்கிறது. றொசல்லைக்கு ஒரு நாள் போய்வரலாம் என்றால், யார் வீட்டு வாசலில் நிற்பது என்கிறார். றொசல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வேலை மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதுமுன் அவரைக் கேட்டேன். "ஒன் இஷ்டம்" என்றார். பதில் இன்னும் வரவில்லை.