தொடக் கூடாத தோடு

மட்டாஞ்சேரியில் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். ஓடைக்கரை மண் இளக்கமானது. அங்கே தோண்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் பொறியாளர் அம்மா, எப்போதும் கையில் வைத்திருக்கும் குடையின் நுனியால், தள்ளிச் சாலையோரமாகக் கோடு இழுத்தார்.

“தோட்டுல தொடக் கூடாது, கேட்டோ.”

நான் அவர் காதைப் பார்த்தேன். வெறும் காது.

அவர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, எங்க மலையாளத்துல தோடுன்னா இந்த ஓடையாக்கும். கரையில நிக்கற மரம் போச்சுன்னா மண்ணெல்லாம் தண்ணியில சரியும்.”

ஓடையைக் கடக்கும் இடத்திலும் பாலத்தின் பக்கவாட்டில்தான் குழாயைக் கட்டவைத்தார். தார்ச்சாலையை உடைத்து என் கையில் கொப்புளம் வந்தது. கரையில் ஒரு மரம்கூடச் சாயவில்லை.

ஊரில் மகளுக்குக் காது குத்தியபோது, புதுத் தோட்டை யாரோ திருகப் போனார்கள்.

“தொடக் கூடாது, கேட்டோ” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கு அந்தக் குடைதான் தெரிந்தது.