சட்டித்தலையனை உயிரோடு பிடிப்பது எப்படி

கேம் சென்டர் நடத்துவது என்பது, நன்றாக ஆட வேண்டிய ஆட்டத்தைப் பிறர் கெடுப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கும் தொழில். மருமகள் தோசையைப் பிய்ப்பதைப் பார்த்து நின்ற மாமியார்களும், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த தகப்பன்மார்களும் என் கஷ்டத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. நாலு திரை, நாலு நாற்காலி, இரைச்சல் போடும் ஒரு ஏசி. வருகிறவர்களில் பாதிப் பேர் ஆடுவது, ஒளிந்து ஒளிந்து எதிரி முகாமுக்குள் போகும் ஒரே ஆட்டம்தான். அந்த முகாமுக்கு ஒரு தலைவன் இருக்கிறான். உச்சியிலிருந்து கால்வரை இரும்பு. கவிழ்த்த சட்டி மாதிரி தொப்பி போட்டிருப்பதால் எங்கள் கடையில் அவனுக்குச் சட்டித்தலையன் என்று பெயர். சுட்டால் குண்டு இறங்காது. கொன்றாலும் பயனில்லை. பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய், கழுத்தைச் சுற்றிப் பிடித்து, அவன் மயங்கும்வரை பட்டனை விடாமல் அழுத்தி, உயிரோடு தூக்கி வர வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

இந்த ஐப்பசியில் கட்டடத்தின் ஓனர் தணிகாசலம் வந்து, தை பிறப்பதற்குள் கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவருடைய மருமகன் அங்கே பேக்கரி வைக்கப் போகிறாராம். எட்டு வருஷம் கால் சென்டரில் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிய பிறகு, எனக்கென்று நான் ஆரம்பித்த கடை இது. இது போனால் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பயத்தோடு நான் கழித்த நாட்களில் நடந்தவை இவை.

ஹாரன்

ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகேசன் அண்ணன் மதியம் சவாரி குறைந்ததும் வந்து உட்காருவார். ஆட்டத்தில் தரையோடு தரையாக ஊர்ந்து போக ஒரு பட்டன் இருக்கிறது. வர ஆரம்பித்த ஆறு மாதத்தில் அதை அவர் தொட்டதே கிடையாது. முகாமுக்கு வெளியே ஒரு ஜீப் நிற்கும். அதில் ஏறி நேராக உள்ளே விட்டு, போதாக்குறைக்கு ஹாரனையும் அடிப்பார். முகாமே திரண்டு வந்து சுடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணே, இது ஒளிஞ்சு போற ஆட்டம். நீங்க வர்றதே அவனுக்குத் தெரியக் கூடாது" என்றேன். ஏதோ போலீஸ் கேஸாகும் காரியத்தைச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா நீ, ஹாரன் அடிக்காம உள்ள பூந்தா எவன் மேலயாவது இடிச்சிட மாட்டேன்?"

காரப்பொடி

நெம்மேலியில் மீன் பிடிக்கும் ஏழுமலை, கடல் சரியில்லாத நாட்களில் கூடுவாஞ்சேரியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வருவார். வந்தால் என் கடைக்கும் வருவார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. புதருக்குள் உட்கார்ந்து ஒரு கல்லை எறிந்து சத்தம் உண்டாக்கினால் காவல்காரன் எட்டிப் பார்க்க வருவான், அப்போது அமுக்க வேண்டும் என்று ஒருமுறைதான் சொன்னேன். பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அவர் கல்லெறிவதை நிறுத்தவே இல்லை. ஒரு மணி நேரத்தில் பதினேழு காவல்காரர்களைப் பிடித்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். தன்னைச் சுற்றி ஒரு ஆளும் இல்லை என்பதைப் பார்த்த சட்டித்தலையன், ஜீப்பை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். "தலைவன் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொன்னேனே, அண்ணே" என்று நான் தலையில் கை வைத்தேன். அவருக்குத் துளிகூட வருத்தமில்லை.

"வஞ்சிரம் வர்லன்னு வலைல கீற காரப்பொடி மீன வுட்டுட்டு வர முடியுமாம்மா?"

மரப்பெட்டி

சேகர் செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். மனைவி பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை காய்கறி வாங்க என்று பையோடு கிளம்புகிறவர் இங்கே வந்து சேர்வார். மரப்பெட்டிக்குப் பின்னால் உட்காருங்கள், சட்டித்தலையன் முதுகைக் காட்டும்வரை தலையை நீட்டாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நீட்டிவிடுவார். தலைவலி என்று லீவு போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் ஆள் மாதிரி.

ஒரு சனிக்கிழமை டீச்சரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். கணவர் மூன்று தடவை மாட்டிக்கொண்டு சாவதை அவர் பின்னால் நின்று, பேப்பர் திருத்துகிற முகத்தோடு பார்த்தார். பிறகு கீழே கிடந்த காய்கறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டா அந்த ரெண்டு ரூம் வீட்டுல அவ்வளவு அழகா ஒளியுறீங்க, இங்க ஒரு பெட்டிக்குப் பின்னால ஒளியத் தெரியலையா?"

டேப்

கார்த்திகையில் ஓனர் தணிகாசலம், கடையை அளக்க இரும்பு டேப்போடு வந்தார். வேடந்தாங்கல் பக்கம் நிலமும், கூடுவாஞ்சேரியில் மூன்று கட்டடமும் இருக்கும் மனிதர். ஓவன் இங்கே, கண்ணாடி ஷோகேஸ் அங்கே என்று சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் கண் திரையில் நின்றது. "யாரு இவன்? இவன இன்னா பண்ணணும்?" என்றார். "உயிரோட புடிக்கணும் சார்" என்றேன். "அவ்ளோதானா? குடு இப்படி" என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து விநாடியில் செத்தார். மறுபடி உட்கார்ந்து மறுபடி செத்தார். ஐந்து மணிக்கு எழுந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. மருமகன் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். இவர் எடுக்கவில்லை.

"இவன புடிக்காம இந்த செவுத்த அளக்க மாட்டேன், புடிச்ச அன்னிக்கு சாவிய குடுத்துட்டு நீ போய்க்கினே இரு."

என் துரோகம்

அன்றைக்கு என் புத்தி கெட்டது. அவர் பிடித்தால்தானே சாவி? மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு டாண் என்று வந்தவருக்கு எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன். "நேரா முன்னால போய் நில்லுங்க சார், பயந்துடுவான்" என்றேன். "வேகமா ஓடுங்க சார், ஓடினா சத்தம் கேக்காது" என்றேன். பாவம், அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொன்னதையெல்லாம் செய்து, விழுந்து விழுந்து செத்தார்.

கடை பிழைத்துக்கொண்டிருந்தது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. முன்பின் தெரியாதவனுக்குக்கூட நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கென்று இருந்த கர்வம் அது ஒன்றுதான், அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. பத்தாம் நாள் முருகேசன் அண்ணன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நல்லா வண்டி ஓட்டத் தெரிஞ்சவ வேணும்னே பள்ளத்துல வுடற மாதிரி கீதுக்கா, பாக்க சகிக்கல."

மோட்டார்

அடுத்த நாள் தணிகாசலம் உட்கார்ந்ததும், இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்று கையைக் காட்டினார். ஊர்ந்து போகும் பட்டனை எப்படியோ அவரே கண்டுபிடித்திருந்தார். முகாமைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், ஜெனரேட்டரை நிறுத்தினார். முகாம் இருண்டது. பிறகு பக்கத்துச் சுவரோரம் பதுங்கி, அசையாமல் இருந்தார். "இன்னா சார் பண்றீங்க?" என்று கேட்டேன். "குடித்தனக்காரன் நாம கதவத் தட்டினா தொறக்கவே மாட்டான். மோட்டார நிறுத்திட்டு ஓரமா நின்னு பாரு, இன்னா தண்ணி வர்லன்னு அவனே எறங்கி வருவான்" என்றார்.

சட்டித்தலையன் இறங்கி வந்தான். தனியாக, கையில் டார்ச்சோடு. ஜெனரேட்டருக்கு முன்னால் குனிந்து பார்த்தான். பின்னாலிருந்து ஓனரின் கை அவன் கழுத்தைச் சுற்றியது. அவர் கட்டைவிரல் வெளுக்கும்வரை பட்டனை அழுத்தினார். சட்டித்தலையன் மயங்கிச் சரிந்தான். நான் எல்லாவற்றையும் மறந்து கை தட்டினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அது இதுதான் என்று தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

சொன்ன சொல் சொன்னதுதானே. டிராயரிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "சார், இத்தனை நாளா உங்களுக்கு நான் தப்பாத்தான் சொல்லிக்குடுத்தேன். மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை. திரையில் அடுத்த முகாம் வந்திருந்தது. பட்டப்பகல், பொட்டல்வெளி, ஜெனரேட்டர் என்று ஒன்றே இல்லை. நடுவில் சட்டித் தொப்பியோடு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷமா குடித்தனக்காரங்க பொய்யத்தான் கேட்டுகினுகீறேன், எனக்குத் தெரியாதா? சாவிய உள்ள வெய்யி. மருமவன் மாடில கடை போடட்டும், கேக்கு இன்னா கீழதான் வேவுமா? இந்த ரெண்டு பேர புடிக்கறதயாவது ஒயுங்கா சொல்லிக்குடு."

ஆக, எதிரியைப் பிடிக்க ஆயிரம் வழி சொல்லித்தர எனக்குத் தெரியும், ஆனால் எதிரி தினமும் மூன்று மணிக்கு வந்து ஏசிக்கு நேராக இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆறு மணிவரை எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.