டிரம்ஸுக்கு எழுந்து நிற்கும் ஊர்

எங்கள் ஊர் பங்குனித் திருவிழாக் கச்சேரியில் டிரம்ஸ் தனியாக முழங்கும்போது கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். கலைஞனுக்குச் செய்யும் மரியாதை, பரம்பரை வழக்கம் என்று காரைக்குடி வரை பெருமை பேசுவார்கள். சுத்தப் பொய். அதை ஆரம்பித்தது நான். அதுவும் கோபத்தில்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், தாமதமாக வந்த தன் மச்சானுக்காக என் முகத்துக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். டிரம்ஸ் சத்தத்தில் நான் ஏசியது அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று ஏசினேன். நான் மறைத்ததால் பின்வரிசை எழுந்தது. அவர்கள் மறைத்ததால் அதற்கும் பின்வரிசை எழுந்தது. தங்களுக்குத்தான் என்று நினைத்து மேடையில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். உடனே கைதட்டல். மறுவருஷம் எல்லோரும் தாமாகவே எழுந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

போன வருஷம் டிரம்ஸ் வாசித்தது என் மகள். சொந்த ஊர் மேடையில் அதுதான் முதல் தடவை. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் ஏசியபோதும் அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனவர் என் வீட்டுக்காரர். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. நிற்க முடியாது. மகள் வாசிக்கத் தொடங்கியதும் ஊரே எழுந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகு.

அவர்களை உட்காரச் சொன்னேன். அதே கமிட்டிக்காரர் திரும்பினார்.

"ஒங்க மகளுக்குத்தான மரியாதை செய்யுறோம், கோவிக்கிறீகளே. காலங்காலமா உள்ள வழக்கம்ல."

நேரே மேடையேறிப் பாடகரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். மகள் திகைத்துக் கையை நிறுத்தினாள்.

"இந்தக் கமிட்டிக்காரரு மச்சானுக்கு நாற்காலி போட்டதுக்குச் சண்டை பிடிக்கத்தான் அன்னைக்கு நான் எந்திரிச்சேன். அதைப் போயி வழக்கமுங்கிறீக. பெத்த அப்பனுக்கு மகள் தெரியலை. உக்காருங்க."

ஒரே சிரிப்பு. முதலில் உட்கார்ந்தவர் அந்த மச்சான். பிறகு வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். மகள் முதலிலிருந்து வாசித்தாள். என் வீட்டுக்காரர் கை தட்டவில்லை. ஆபரேஷன் ஆகாத காலின் தொடையில் தாளம் போட்டபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் கமிட்டிக்காரர் அழைப்பிதழோடு வீட்டுக்கே வந்தார். டிரம்ஸுக்கு முன்னால் நான் மேடையேறி நாலு வார்த்தை ஏச வேண்டுமாம், சனம் எதிர்பார்க்கிறதாம். வருகிறேன் என்றேன். ஏசுவதற்கு எனக்கு விஷயமா இல்லை?